பசியோடு வந்து படம் பார்த்தவர்கள்

அமெரிக்காவின் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரம் அது. மாநிலத்துக்கு மாநிலம் ஆளுநர்கள் வங்கி விடுமுறை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். போட்ட பணத்தை எடுக்க வழியில்லாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். அந்த வாரத்தில்தான், 1933 மார்ச் 2-ம் தேதி, நியூயார்க்கில் ‘கிங் காங்’ வெளியானது. ஒரே தெருவில் கூப்பிடு தூரத்தில் இருந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், ராக்ஸி என்ற இரண்டு பிரம்மாண்ட அரங்குகளிலும் ஒரே நேரத்தில் போட்டார்கள். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழப் பத்தாயிரம் இருக்கைகள். மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றார். 6-ம் தேதி நாட்டிலிருந்த அத்தனை வங்கிகளையும் மூடச் சொன்னார். ‘கிங் காங்’ வாசலில் மட்டும் கூட்டம் குறையவில்லை.

கஷ்ட காலத்தில்தான் சினிமா நன்றாக ஓடும், கவலையை மறக்க ஜனங்கள் கொட்டகைக்கு வருவார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதற்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தப்படும் படங்களில் இந்தக் குரங்குப் படமும் ஒன்று. ஆனால் அதன் தொடக்கக் காட்சிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். தன் படத்துக்குக் கதாநாயகி தேடி இரவு நேரத்தில் நியூயார்க் தெருவில் அலைகிறார் இயக்குநர் டென்ஹம். ஆதரவற்ற பெண்களுக்கான விடுதி வாசலில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே அவர் தேடும் முகம் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பழக்கடை. ஒரு பெண்ணின் கை மெல்ல ஓர் ஆப்பிளை நோக்கிப் போகிறது. கடைக்காரர் அந்தக் கையை எட்டிப் பிடித்து, திருடி என்று சத்தம் போடுகிறார். டென்ஹம் காசைக் கொடுத்து அவளை விடுவிக்கிறார். அவள் அவர் கையிலேயே மயங்கிச் சாய்கிறாள். பசி மயக்கம்.

அந்த ஆப்பிள் சும்மா வந்த ஆப்பிள் அன்று. 1930 இறுதியில், விற்காமல் தேங்கிய ஆப்பிளைப் பெட்டி பெட்டியாகக் கடனுக்குக் கொடுத்து, வேலையிழந்தவர்களைத் தெருவில் விற்க வைத்தார்கள் பழ வியாபாரிகள். ஒரு பழம் ஐந்து சென்ட். கோட்டும் தொப்பியும் போட்ட, நேற்றுவரை அலுவலகம் போய்வந்த ஆட்கள் நடைபாதையில் ஆப்பிள் பெட்டியோடு நின்றார்கள். அவர்களைக் கடந்து கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் திரையில் முதலில் பார்த்ததும் அதே ஆப்பிளைத்தான், அதே பசியைத்தான். ராட்சதக் குரங்கு அதற்கெல்லாம் வெகு நேரம் கழித்தே வருகிறது.

மறக்க வந்தவர்களுக்கு எதற்காகப் பசியை நினைவூட்டித் தொடங்க வேண்டும்? 1930-களின் அமெரிக்கப் படங்களைப் பார்க்கப் பார்க்க இந்தக் கேள்வி எனக்குள் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மறதிக்காக மட்டும் அந்த ஜனங்கள் படம் பார்த்தார்கள் என்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது என்பதே என் கட்சி.

கொட்டகையே மூழ்கியது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பொருளாதாரப் பெருமந்தம் சினிமாவைத் தொடவில்லை என்பது உண்மைக்குப் புறம்பானது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தபோது ஹாலிவுட் அசையவில்லைதான். பேசும் படம் அப்போது புதுசு. அந்தப் புதுமையின் வேகத்தில் இன்னும் ஓராண்டு வண்டி ஓடியது. 1930-ல் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 9 கோடி பேர் வந்ததாக அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. நாட்டின் மக்கள்தொகையே 12 கோடிச் சொச்சம். பிறகு இறங்கத் தொடங்கியது. 1933 வாக்கில் அந்த எண்ணிக்கை 6 கோடிக்கு வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. உழைப்பாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலையில்லாத ஆண்டு அது. டிக்கெட்டுக்கான இருபத்து சொச்சம் சென்ட்டைக்கூடப் பலரால் எடுத்துவைக்க முடியவில்லை.

படக் கம்பெனிகள் கடனில் வளர்ந்தவை. ஒலிக்கருவிகள் வாங்கக் கடன், ஊர் ஊராகக் கொட்டகை வாங்கக் கடன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டகைகளை வைத்திருந்த பாரமவுன்ட், அவற்றில் பலவற்றைப் பணத்துக்குப் பதில் தன் பங்குகளைக் கொடுத்து வாங்கியிருந்தது. பிற்பாடு இன்ன விலைக்கு அந்தப் பங்குகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற உத்தரவாதத்தோடு. பங்கு விலை பாதாளத்துக்குப் போனபோது உத்தரவாதம் கழுத்தில் சுருக்காக இறங்கியது. 1933-ல் பாரமவுன்ட் திவாலானது. ‘கிங் காங்’ எடுத்த ஆர்.கே.ஓ. அந்த ஜனவரியிலேயே நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போய்விட்டது. ஃபாக்ஸ் தள்ளாடி, 1935-ல் ட்வென்டியத் செஞ்சுரியோடு இணைந்து பிழைத்தது. பெரிய கம்பெனிகளில் நஷ்டம் காணாமல் தாக்குப்பிடித்தது எம்.ஜி.எம். மட்டுமே என்று சொல்லலாம்.

வங்கிகள் மூடிய அதே மார்ச்சில், படக் கம்பெனிகள் தம் ஊழியர்களுக்கு எட்டு வாரத்துக்குப் பாதிச் சம்பளம் என்று அறிவித்தன. அந்த வெட்டின் கோபத்தில்தான் எழுத்தாளர் சங்கமும் நடிகர் சங்கமும் அதே ஆண்டில் எழுந்து நின்றன. படத்தில் பசியைக் காட்டியவர்கள் அதை வெளியிலிருந்து பார்த்துக் காட்டியவர்கள் மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

படம் பாதி, பாத்திரம் பாதி

கொட்டகைக்காரர்கள் செய்த காரியங்கள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்டுடியோ முதலாளிகளின் வரலாற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு சிற்றூரில் முன்னூறு நாற்காலியும் ஒரு ப்ரொஜெக்டரும் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை இரவு யார் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மூளைதான் அந்தத் தொழிலைக் காப்பாற்றியது.

‘டிஷ் நைட்’ என்று ஒன்று வைத்தார்கள். கூட்டம் வராத வார நாளில், டிக்கெட் வாங்கும் பெண்களுக்கு ஒரு பீங்கான் பாத்திரம் இலவசம். இந்த வாரம் கோப்பை. அடுத்த வாரம் அதற்கான சாசர். அதற்கடுத்த வாரம் சாப்பாட்டுத் தட்டு. பீங்கான் கம்பெனிகளுக்கும் வேறு வியாபாரம் இல்லாத காலம் என்பதால், மொத்தமாகச் சொற்ப விலைக்குக் கொடுத்தன. செட் முழுதாகச் சேர வேண்டுமென்றால் வாரம் தவறாமல் வர வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, குழம்புக் கிண்ணம் எந்த வாரம் என்றுதான் கேட்டார்கள். இருட்டில் மடியிலிருந்து தட்டு நழுவி விழுந்து உடையும் சத்தம் படத்தின் உருக்கமான கட்டத்தில் கேட்கும், கொட்டகையே ‘உச்’ கொட்டும். அமெரிக்காவின் பழைய வீடுகளில் பாட்டி காலத்துப் பாத்திரம் என்று பத்திரமாக வைத்திருக்கும் பீங்கான் செட்டுகளில் பல, இப்படிப் படம் பார்த்துச் சேர்த்தவை.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில், வாரத்துக்கு ஒரு பொருள் வீட்டுக்குள் *வருகிறது*. சாப்பாட்டு மேசையில் ஒரே வேலைப்பாடுள்ள தட்டுகள் நாலு சேர்கின்றன. அந்த அம்மாளின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆண்களை இழுத்தது ‘பேங்க் நைட்’. கொலராடோவில் ஃபாக்ஸ் கொட்டகைகளில் வேலை பார்த்த சார்லஸ் யேகர் கண்டுபிடித்த குலுக்கல் அது. கொட்டகையில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், டிக்கெட் வாங்க வேண்டுமென்று கட்டாயமில்லை. அப்படிக் கட்டாயப்படுத்தினால் அது லாட்டரியாகி, சட்டம் குறுக்கே வரும். ஆனால் குலுக்கலில் பெயர் வந்தவர் சில நிமிடத்துக்குள் மேடைக்கு வந்து நிற்க வேண்டும். ஆகவே ஊரே கொட்டகைக்குள்ளும் வாசலிலும் காத்துக் கிடந்தது. உண்மையான பேங்க்குகள் கைவிட்ட ஜனங்களுக்குக் கொட்டகை ஒரு பேங்க் வைத்தது. பெயர் வைத்தவருக்கு ஜனங்களின் மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் போடும் வழக்கமும் இந்த ஆண்டுகளில்தான் நாடு முழுக்கப் பரவியது. இரண்டு படம், நடுவே செய்திப் படம், ஒரு கார்ட்டூன். மூன்று, நாலு மணி நேரம் ஒரு மெத்தை நாற்காலி சொந்தம். பனிக்காலத்தில் வீட்டில் கரி வாங்கக் காசில்லாதவருக்குக் கொட்டகையில் கதகதப்பு. கோடையில் பெரிய ஊர்க் கொட்டகைகளில் குளிர்பதனம். 1934 ஜூலை 22, சிகாகோவில் கொளுத்தும் வெயில் காலம். வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சர், குளிரூட்டப்பட்ட பயோகிராஃப் கொட்டகையில் ‘மன்ஹாட்டன் மெலோட்ராமா’ பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் சுட்டுக் கொல்லப்பட்டான். சேமிப்பை விழுங்கிய வங்கிகளைக் கொள்ளையடித்தவன் என்பதால் அவனுக்கு ஜனங்களிடையே ரசிகர்களே இருந்தார்கள். அன்று அவன் பார்த்ததும் ஒரு ரவுடியின் கதைதான்.

பாப்கார்ன் உள்ளே நுழைந்ததும் அப்போதுதான். அதுவரை கௌரவமான கொட்டகைகள் அதை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தன. கம்பளம் பாழாகும், மொறுமொறுப்புச் சத்தம் தொந்தரவு. ஐந்து, பத்து சென்ட்டுக்கு ஒரு பை விற்ற வண்டிக்காரர் வாசலில் நன்றாகச் சம்பாதிப்பதைப் பார்த்த முதலாளிகள், முதலில் அவருக்கே இடம் வாடகைக்கு விட்டார்கள். பிறகு தாங்களே மிஷின் வாங்கிப் போட்டார்கள். டிக்கெட்டில் நஷ்டப்பட்டதைச் சோளப் பொரியில் பிடித்தார்கள். இன்று மால்களில் நாம் முணுமுணுத்துக்கொண்டே வாங்கும் அந்த வாளி பாப்கார்னின் வம்சாவளி இதுதான்.

காசு காசாக ஓர் உடை

இனி படங்களுக்குள் போகலாம். இந்தக் காலத்துக்கு ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் ‘கோல்டு டிகர்ஸ் ஆஃப் 1933’ படத்தைச் சொல்வேன். வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. இயக்கம் மெர்வின் லெராய், நடனக் காட்சிகள் பஸ்பி பெர்க்லி.

முதல் காட்சியிலேயே ஜிஞ்சர் ரோஜர்ஸ் பாடுகிறார். சுற்றிலும் ஆடும் பெண்களின் உடையெல்லாம் பெரிய பெரிய வெள்ளிக் காசுகள். பணம் கொழிக்கிறது, கஷ்டம் தீர்ந்தது என்கிற குஷிப் பாட்டு. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஷெரீஃபின் ஆட்கள் மேடையில் ஏறுகிறார்கள். நாடக முதலாளி கடனைக் கட்டவில்லை, எல்லாம் ஜப்தி. திரைச்சீலையைப் பிடித்து இழுக்கிறார்கள், ஆடுகிறவளின் காசு உடையையும் பிய்க்கிறார்கள். அது ஒத்திகைதான். நாடகம் மேடையேறாமலே மூடிவிடுகிறது, பெண்களுக்கு வேலை போகிறது. அடுத்த காட்சியில் மூன்று பேர் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். எழுந்தால் பசிக்கும் என்று எழுந்திருக்காமல் கிடக்கிறார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாக இடுக்கியை நீட்டி, பக்கத்து வீட்டு ஜன்னலில் வைத்திருக்கும் பால் பாட்டிலைத் திருடுகிறாள். கொட்டகை சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். அந்த வாரம் அடுத்த வீட்டில் கைமாற்று கேட்டுவிட்டு வந்தவர்களும் அங்கே உட்கார்ந்து சிரித்திருப்பார்கள்.

நடுவில் காதல், ஆள்மாறாட்டம், பணக்காரரை ஏமாற்றும் கலாட்டா. அதெல்லாம் சுமார்தான், வேகமாகக் கடந்துவிடலாம். முடிவுதான் தூக்கிப் போடுகிறது. காதலர்கள் சேர்ந்த பிறகு, சுபம் போட வேண்டிய இடத்தில், தெருவிளக்கின் அடியில் ஜோன் பிளான்டெல் நிற்கிறார். வாசற்படியில் தூங்கும் ஒரு நாடோடியைப் போலீஸ்காரர் எழுப்பி விரட்டப் பார்க்கிறார். பிளான்டெல் அந்த ஆளின் கோட்டைப் புரட்டிக் காட்டுகிறார். உள்ளே குத்தியிருப்பது போரில் வாங்கிய பதக்கம். பிறகு பாட்டு: வழியனுப்பு விழாவில் கொடியசைப்புக்கு நடுவே நடந்துபோகும் வீரர்கள், மழையில் காயத்தோடு திரும்புகிறார்கள். அதே கால்கள் இலவச ரொட்டிக்கான வரிசையில் வந்து நிற்கின்றன.

அந்தப் பாட்டைப் பார்த்தவர்களுக்கு முந்தைய கோடையின் நினைவு பச்சையாக இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1945-ல் தருவதாக அரசு சொல்லியிருந்த போனஸை இப்போதே தாருங்கள் என்று ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள், பலர் குடும்பத்தோடு, வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். 1932 ஜூலை 28 அன்று ராணுவமே வந்து கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. தலைமை தாங்கியவர் தளபதி மெக்ஆர்தர். பெர்க்லியும் அந்தப் போரில் ராணுவ அதிகாரியாக அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தவர். பெண்களைப் பூ வடிவத்திலும் நட்சத்திர வடிவத்திலும் அடுக்கிப் புகழ்பெற்றவர், இந்த ஒரு பாட்டில் தனக்கு உண்மையிலேயே தெரிந்த அணிவகுப்பை வைத்தார். ஆட்டமும் பாட்டமும் பார்க்க வந்தவர்களை ரொட்டி வரிசையோடு வீட்டுக்கு அனுப்பிய படம் அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. மறதி வியாபாரம் செய்தவர்கள் இப்படி முடித்திருக்க மாட்டார்கள்.

லெராய் இதற்கு முந்தைய ஆண்டு எடுத்த ‘ஐ ஆம் எ ஃபியுஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்’ படத்திலும் ஒரு பதக்கம் வருகிறது. போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காத பால் முனி, கடைசியில் தன் பதக்கத்தை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறார். கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். பெட்டி நிறையப் பதக்கங்கள். சில விநாடிதான் அந்தக் காட்சி. சங்கிலியில் பிணைத்து வேலை வாங்கும் சிறைகளின் கொடுமையைச் சொன்ன அந்தப் படத்தில் ஆட்டமில்லை, பாட்டமில்லை, நல்ல முடிவும் இல்லை. அதையும் ஜனங்கள் ஓட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரானவையும் ஓடின என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஷெர்லி டெம்பிள் என்ற குட்டிப் பெண் 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வசூலில் முதலிடம். அவளைப் பிரபலமாக்கிய ‘ஸ்டான்ட் அப் அன்ட் சியர்’ படத்தின் கதை, நாட்டின் சோர்வைப் போக்க அதிபர் கேளிக்கைக்கென்றே ஓர் அமைச்சரை நியமிப்பது. டிஸ்னியின் ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ 1933 மே மாதம் வந்தது. எட்டு நிமிடக் கார்ட்டூன். ஓநாய்க்குப் பயமா என்று பன்றிக்குட்டிகள் பாடும் பாட்டைத் தேசமே முணுமுணுத்தது. வாசலில் நிற்கும் ஓநாய் எது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பணக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது

வறியவர்கள் எதற்காகப் பணக்காரர்களின் மாளிகையையும் மேலங்கியையும் பார்க்க ஆசைப்பட்டார்கள்? ஏக்கம்தான் என்பார்கள். பாதி சரி. ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் பளிங்குத் தரையில் சுழல்வதைப் பார்ப்பதில் ஏக்கம் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களில் பணக்காரர்கள் ஒன்றும் தெரியாதவர்கள். பேருந்தில் எப்படி ஏறுவது, பன்னைக் காப்பியில் எப்படி நனைத்துத் தின்பது என்று ஏழைதான் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

ஃப்ராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்டு ஒன் நைட்’ (1934) அப்படித்தான். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஓடிவந்த கோடீஸ்வரர் மகள், வேலை போன பத்திரிகைக்காரன், மியாமியிலிருந்து நியூயார்க்குக்கு ஓர் இரவுப் பேருந்து. பேருந்தில் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டே வரும் காட்சி, உலக சினிமாவிலேயே சந்தோஷமான காட்சிகளில் ஒன்று. அந்தச் சந்தோஷம் ஒரு பையனின் அழுகையில் அறுபடுகிறது. அவன் அம்மா மயங்கிக் கிடக்கிறாள். நியூயார்க்கில் வேலை இருக்கிறது என்று கையிலிருந்த காசையெல்லாம் டிக்கெட்டுக்குப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வருகிறார்கள். கதாநாயகனின் கையிருப்பு அந்தப் பையன் கைக்குப் போகிறது. பிறகு படம் மறுபடி சிரிக்கத் தொடங்குகிறது. காப்ராவின் பெரிய திறமை இந்தத் தையல்தான்: பசியையும் சிரிப்பையும் ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவது. சின்னக் கம்பெனியாக இருந்த கொலம்பியா எடுத்த அந்தப் படம், சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முக்கிய ஆஸ்கரையும் வாங்கியது. அப்படி வாங்கிய முதல் படம்.

சாப்ளின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தை 1936-ல் கொண்டுவந்தார். அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியைச் சந்தித்து, இயந்திரங்களை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று சாப்ளின் கேட்டிருந்தார். காந்தி அவர் படம் எதையும் பார்த்ததில்லை. அந்த உரையாடல்தான் இந்தப் படமாயிற்று என்று சொல்வது மிகை. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை என்பது படத்தைப் பார்த்தால் தெரியும். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இயந்திரச் சக்கரத்துக்குள் அவர் போகும் புகழ்பெற்ற காட்சியில் அல்ல. பெரிய கடை ஒன்றில் அவர் இரவுக் காவல்காரராக இருக்கும்போது மூன்று பேர் திருட வருகிறார்கள். அதில் ஒருவன் ஆலையில் கூட வேலை பார்த்தவன். நாங்கள் திருடர்கள் இல்லை, பசிக்கிறது என்கிறான். காவல்காரரும் திருடர்களும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு இடத்தில், வீடில்லாத அவரும் கதாநாயகியும் சாலையோரம் உட்கார்ந்து ஒரு வீட்டைக் கற்பனை செய்கிறார்கள். அந்தக் கனவு வீட்டில் ஜன்னலிலேயே பழம் தொங்குகிறது, பால் வேண்டுமென்றால் மாடு சமையலறை வாசலுக்கு வந்து நிற்கிறது. பசித்தவரின் கனவில் முதலில் வருவது சோபா அல்ல.

இங்கே அதே ஆண்டுகள்

நெல் விலை சரிந்து, பர்மாவில் வட்டிக்கு விட்ட செட்டியார்களின் பணம் திரும்பாமல் நிலமாகக் கையில் வந்து விழுந்து, தமிழ்நாடும் அந்த மந்தத்தில் தவித்த நாட்களில்தான் தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. ‘காளிதாஸ்’ வெளியானது 1931 அக்டோபர் 31. அமெரிக்க மந்தத்துக்கும் நம் திரைக்கும் இன்னும் நெருக்கமான ஒரு கண்ணி உண்டு. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற இளைஞர், உடன் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பில் 1935-ல் இந்தியா வந்தார். ஹாலிவுட் ஆட்டம் கண்டிருந்த ஆண்டுகளில் படிப்பை முடித்த அவர் தொழில் செய்த இடம் சென்னைதான். தமிழ் தெரியாமலே இங்கு தங்கி ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ என்று எடுத்தார். அவர் தனியாக இயக்கிய முதல் தமிழ்ப் படமான ‘சதி லீலாவதி’ (1936), எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. குடியால் கெட்டு, ஊரை விட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகும் ஒருவனின் கதை. எம்.ஜி.ஆர். முதன்முதலில் சிறு வேடத்தில் தலைகாட்டியதும் அதில்தான். மந்த காலத்துத் தமிழ் ரசிகனும் புராணத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கடல் கடந்து கூலிக்குப் போன தன் ஊர்க்காரனையும் திரையில் பார்க்க வந்தான்.

சல்லிவனின் பயணம்

இந்தப் பத்தாண்டின் கேள்வியை நேருக்கு நேராகவே கேட்ட படம் கடைசியில் வந்தது. ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘சல்லிவன்ஸ் ட்ராவல்ஸ்’, 1941. ஜான் சல்லிவன் நகைச்சுவைப் படங்கள் எடுத்துச் சம்பாதித்த இயக்குநர். நாடு பசித்துக் கிடக்கும்போது இதென்ன வேலை என்று மனம் உறுத்தி, ஏழைகளின் துயரத்தைப் பற்றி மகத்தான ஒரு படம் எடுக்க நினைக்கிறார். அனுபவத்துக்காகக் கிழிந்த சட்டை மாட்டிக்கொண்டு நாடோடியாகக் கிளம்புகிறார். ஏழைகளுக்கு வறுமையைப் பற்றி எல்லாம் தெரியும், பணக்காரர்களுக்குத்தான் அது கவர்ச்சியாக இருக்கும் என்று அவர் வீட்டு வேலையாள் எச்சரித்தும் கேட்கவில்லை. சந்தர்ப்பம் சதி செய்து, யாரென்று அடையாளம் தெரியாமல், சங்கிலி மாட்டிய கைதியாகத் தெற்கில் ஒரு சிறை முகாமில் போய் மாட்டுகிறார்.

ஓர் இரவு கைதிகளை, கறுப்பின மக்களின் சிறிய தேவாலயம் ஒன்றுக்குப் படம் பார்க்க அழைத்துப்போகிறார்கள். வருகிற விருந்தாளிகள் மனம் நோகும்படி யாரும் பார்க்கவோ விலகவோ கூடாது என்று போதகர் தம் மக்களிடம் சொல்கிறார். விளக்கை அணைத்து, ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகத் தொங்கவிடுகிறார்கள். கைதிகள் இரண்டிரண்டு பேராகச் சங்கிலி இழுபட உள்ளே வருகிறார்கள். படம், டிஸ்னியின் புளூட்டோ நாய் ஒட்டும் தாளில் மாட்டிக்கொண்டு படும் பாடு. ஒருவர் சிரிக்கிறார், பிறகு எல்லோரும் சிரிக்கிறார்கள். சல்லிவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, நானா சிரிக்கிறேன் என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார்.

அந்தக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய தெற்கில் கறுப்பினத்தவர் கொட்டகைக்குப் போனால் தனி வாசல், மாடியில் தனி இருக்கை. கொட்டகை எல்லோருக்கும் அடைக்கலம் தந்தது என்று நான் மேலே எழுதியதெல்லாம் அவர்களுக்குப் பாதிதான் பொருந்தும். திரையில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பணிப்பெண், சுமைதூக்கி வேடங்கள். ஸ்டர்ஜஸ் அதைத் திருப்பிப்போட்டார்: படம் காட்டுகிறவர்கள் அவர்கள், இடம் கொடுக்கிறவர்கள் அவர்கள், விருந்தாளியாக வந்து உட்காருகிறவர்கள் வெள்ளையரும் கலந்த கைதிகள். கறுப்பின உரிமைச் சங்கத்தின் செயலாளர் வால்டர் வைட், இந்தக் காட்சிக்காகவே ஸ்டர்ஜஸுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்.

விடுதலையாகி வந்த சல்லிவன், இனி நகைச்சுவைதான் எடுப்பேன் என்று சொல்வதோடு படம் முடிகிறது. பலரும் இதையே படத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்: ஏழைக்குச் சிரிப்பு போதும், அவன் துயரத்தைப் படமாக்க வேண்டாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டர்ஜஸே அதை முழுதாக நம்பியிருந்தால், படத்தின் நடுவே அந்த நீண்ட வசனமில்லாத பகுதியை வைத்திருக்க மாட்டார். ஆதரவற்றோர் விடுதியில் வரிசையாகப் படுத்திருக்கும் உடல்கள், இலவசச் சூப்புக்கு நிற்கும் முகங்கள், குப்பைத் தொட்டியின் முன் தயங்கி நிற்கும் சல்லிவனும் அவர் தோழியும். சல்லிவன் எடுக்காமல் விட்ட படத்தை ஸ்டர்ஜஸ் எடுத்தே விட்டார், சிரிப்புப் படத்துக்குள்ளேயே.

இந்தப் படங்களை இதுவரை பார்க்காதவர்கள் ‘மை மேன் காட்ஃப்ரி’யில் (1936) தொடங்கலாம். பணக்காரர்கள் ஒரு விளையாட்டுக்காக, வேண்டாத பொருட்களைத் தேடிப் பிடித்து வரும் போட்டி வைக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஒரு பொருள், வாழ்ந்து கெட்ட ஒரு மனிதன். ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் வசிக்கும் வில்லியம் பவலை ஐந்து டாலர் தருகிறேன் என்று கூட்டிப்போக வருகிறாள் ஒருத்தி. அவர் அவளைச் சாம்பல் குவியலில் உட்காரும்படி செய்துவிட்டு, அவள் தங்கையோடு போகிறார். குப்பைமேட்டை இரவு விடுதியாக்கி எல்லோருக்கும் வேலை கொடுக்கும் அதன் முடிவு எனக்குச் சுலபமாகப் படுகிறது. முதல் இருபது நிமிடத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன்பின் ‘கோல்டு டிகர்ஸ் ஆஃப் 1933’. அன்றைய கொட்டகைக்காரர்கள் போட்ட மாதிரி ஒரே மாலையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மொத்தம் மூன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.